உங்க வூட்ல எத்தனை பேரு?

விருத்தாசலம்
13 ஜூலை 2020
(மூன்றாம் வகுப்பு வாட்ஸப் குழுவில்)

பெற்றோர் எல்லோருக்கும் கயல்விழி டீச்சரின் வணக்கம்.

ஸ்கூல் எப்போது திறக்கும் என்று தினமும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தால் முதலில் என் மாமியாரிடம்தான் சொல்வேன். நான் ஃபோனைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது வலிக்கிறதாம். திறக்கும்வரை திங்கட்கிழமைதோறும், பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று இப்படி ஒரு கடிதம் எழுதிப் போடுகிறேன். தயவுசெய்து படியுங்கள். ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் சொல்லி என் கடிதத்தை மேலே தள்ளிவிடாதீர்கள்.

போன வாரம் கணக்கில் வடிவங்கள். வீட்டுக்குள் தேடி உருளை, கோளம், கனச்செவ்வகம் எது கிடைத்தாலும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வேறு ஊராக இருந்தால் தீப்பெட்டியும் சோப்பு டப்பாவும் வந்திருக்கும். நம் ஊர் செராமிக் ஊர் ஆயிற்றே, பாதிப் பேர் பீஸ் கட்டை அனுப்பியிருக்கிறீர்கள். கரன்ட்டு போனால் கழற்றி மாட்டுவோமே, அந்தப் பீங்கான் கட்டை என்ன வடிவம் என்று நானே கொஞ்ச நேரம் யோசித்தேன். கோகுலகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. "இது பஸ்ஸு டீச்சர்" என்று சொல்லிவிட்டான். சரி போட்டுவிட்டேன்.

சனா பீங்கான் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, தலை கோளம், உடம்பு உருளை என்று சரியாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா ஜெரினா பொம்மைக் கம்பெனிக்குக் கண் எழுதிக் கொடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். "இதுக்கெல்லாம் இன்னும் கண்ணு வரல டீச்சர், அதனால நம்மளப் பாக்காது" என்று கடைசியில் சேர்த்திருந்தாள்.

கார்முகிலின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப்பாடம் முத்து முத்தாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது உங்கள் மகனுடைய கையெழுத்து.

கயல்விழி
மூணாவது டீச்சர்

*

அஜ்மான்
14 ஜூலை 2020

டீச்சருக்கு வணக்கம்.

குழுவில் ஒரு வெளிநாட்டு நம்பர் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அது நான்தான். சனாவின் அத்தா, இஃப்திகார். இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் குடோன் பொறுப்பு.

குழுவில் எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தனியாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன், ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கலியமூர்த்திக்கும் கேட்க வேண்டுமாம். அவர் திட்டக்குடிக்காரர். பீஸ் கட்டை பஸ்ஸு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நானும் அதே ஸ்கூல்தான் டீச்சர். செராமிக் கம்பெனி வாசலில் ரிஜெக்ட் ஆன சரக்கைக் குவித்துப் போட்டிருப்பார்கள். விரிசல் விட்ட பீஸ் கட்டையைப் பொறுக்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டே ஸ்கூலுக்கு வருவோம். என்னுடையது சேலம் பஸ். பாலக்கரையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். ஒருநாள் வண்டி சாக்கடையில் விழுந்து, பயணிகள் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தார்கள், நான் உட்கார்ந்து அழுதேன். கோகுலகிருஷ்ணனுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

எழுத வந்த விஷயம் வேறு. இங்கே வாட்ஸப் கால் போகாது. வேறு ஒரு ஆப்பில் பேசினால் குரல் ஓடும், படம் நின்றுவிடும். சனா என்னோடு மொத்தமே மூன்று வாக்கியம்தான் பேசுவாள். "நல்லாருக்கேன் அத்தா. சாப்ட்டேன் அத்தா. அம்மாகிட்ட குடுக்கறேன் அத்தா." அவள் அங்கன்வாடி போகும்போது நான் இங்கே வந்தேன். நடுவில் ஒரு லீவு வந்தபோதும் பாதி நாள் ஜெரினாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். பொம்மைக்குக் கண் வராவிட்டால் பார்க்காது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை என்பதே உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசிக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும், இன்னும் இரண்டு வருடம் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கா என்று. ஜங்ஷன் ரோட்டில் என் மச்சான் கடையில் பாதி இடம் எனக்குத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு ஊருக்கு வரத்தான் ஆசை. ஊருக்கு யாருக்காக வருகிறேனோ அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வரலாமே என்று பார்க்கிறேன். திங்கட்கிழமைக் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுத முடியுமா?

இஃப்திகார்

*

விருத்தாசலம்
18 ஜூலை 2020

இஃப்திகார் பாய்க்கு,

உங்களுக்கு ஒரு வரி கூடுதலாக எழுதினால் நாளைக்கே மதிவாணன் அம்மா வந்து என் புள்ளைக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று நிற்பார். அதனால் குழுவில் முடியாது. இங்கே ஒன்று சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

சனா பாடம் படித்து வாய்ஸ் அனுப்பும்போது, முற்றுப்புள்ளி வந்தால் "புள்ளி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். "காகம் மரத்தில் அமர்ந்தது புள்ளி." ஏன்டி என்று கேட்டேன். "நீங்கதான டீச்சர் புள்ளி வந்தா நிக்கணும்னு சொன்னீங்க, நான் நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். அப்படியே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சலாம் சொன்னதைக் கோகுலிடம் சொன்னேன். சேலம் பஸ்ஸுக்கு டிரைவர் யார் என்று கேட்கிறான்.

ஒரு வேண்டுகோள், குழுவில் நீங்களாவது என் கடிதத்துக்கு ஒரு கைத்தட்டு போடுங்கள். சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் "டீச்சர், இவன் கிள்றான்" என்பார்கள். அப்போதெல்லாம் தலைவலி மாத்திரை போடுவேன். இப்போது அந்தச் சத்தம் கேட்காமல் தலை வலிக்கிறது.

கயல்விழி

*

விருத்தாசலம்
10 ஆகஸ்ட் 2020
(மூன்றாம் வகுப்பு வாட்ஸப் குழுவில்)

பெற்றோர்களே,

இந்த வாரம் சூழ்நிலையியலில் குடும்பம் பற்றிய பாடம். பாடத்தை நடத்திவிட்டு வாய்ஸில் சொன்னேன், "புள்ளைங்களா, உங்க வூட்ல எத்தனை பேரு இருக்காங்க? ஒருத்தரையும் வுடாம வரஞ்சு அனுப்புங்க பாப்போம்." வந்த படங்கள் எல்லாவற்றையும் கீழே போட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே பாருங்கள்.

மதிவாணன் வீட்டில் ஒன்பது பேர். அதில் மூன்று பேருக்குக் கொம்பு இருந்தது. விசாரித்தேன், ஆடுகளாம். வீட்டுக்குள்தானே படுக்கின்றன, எப்படி விட முடியும் என்கிறான். கார்முகில் அம்மாவைத் தாள் முழுக்க வரைந்துவிட்டு, அப்பாவைச் சுண்டுவிரல் அளவில் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறான். கார்முகில் அப்பா, நான் ஒன்றும் கேட்கவில்லை. சனா வீட்டில் இரண்டே பேர், ஆனால் அம்மா கையில் பிரஷ்ஷும், பிரஷ் நுனியில் மையும்கூட விடவில்லை, அத்தனை அழகு.

வியாழக்கிழமை ஸ்கூலுக்கு வந்து புத்தகமும் அரிசியும் வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க் போட்டு வாருங்கள். தாடையில் போடுவது மாஸ்க் ஆகாது.

கயல்விழி

*

அஜ்மான்
11 ஆகஸ்ட் 2020

டீச்சர்,

படங்களைப் பார்த்தேன். எனக்கு முன்னால் கலியமூர்த்தி பார்த்துவிட்டார். "என்னா பாய், அந்தப் புள்ளை வூட்ல ஆடு மூணும் கணக்குல வந்துடுச்சு. உன் வூட்ல நீ வரலியே" என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இரண்டே பேர். நீங்களும் அழகு என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் முழுக்கப் பார்க்கிற குழுவில் போடுவதற்கு முன்னால், இந்தப் பிள்ளைக்கு அத்தா இல்லையா என்று ஒரு வார்த்தை உங்களுக்குத் தோன்றவில்லையா? வாரா வாரம் உங்கள் கடிதத்துக்குக் கைத்தட்டு போடுகிற முட்டாள் யார் என்றாவது ஞாபகம் வந்திருக்கலாம்.

ஜெரினாவிடம் கேட்டேன். "சின்னப் புள்ளைங்க, விடுங்க" என்கிறாள். விட்டுவிட்டேன். மேனேஜர் மேஜையில் தாள் இருக்கிறது. இரண்டு வருடமோ நாலு வருடமோ போட்டுவிடலாம். கணக்கில் இல்லாத ஆள் எங்கே இருந்தால் என்ன?

குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். பதில் எழுத வேண்டாம்.

இஃப்திகார்

*

விருத்தாசலம்
13 ஆகஸ்ட் 2020

இஃப்திகார் பாய்க்கு,

பதில் எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்கிற ஆள் நான் இல்லை. திட்டியது நியாயம்தான். குழுவில் போடுவதற்கு முன்னால் நான் யோசித்திருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தப்பு என் மேல் மட்டும்தான், உங்கள் மகள் மேல் ஒரு துளிகூட இல்லை. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

இன்றைக்குப் புத்தகம் வாங்க ஜெரினாவோடு சனாவும் வந்திருந்தாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டி சனா, படத்துல அத்தாவ ஏன் போடல?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேள்வியைக் கேட்டவளுக்கே கேள்வி மறந்துபோச்சா என்கிற பார்வை.

"டீச்சர், நீங்க வூட்ல யார் யார் இருக்காங்கன்னுதான கேட்டீங்க? அத்தா ஃபோன்லதான இருக்காங்க."

பாய், நான் ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்தவள். புத்தகத்தில் குடும்பம் என்று படித்தாலும் வாயைத் திறந்தால் வூடு என்றுதான் வரும். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டியதை, வூட்ல எத்தனை பேரு இருக்காங்க என்று கேட்டுத் தொலைத்தேன். மற்ற பிள்ளைகள் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். புள்ளி வந்தால் புள்ளி என்று சொல்கிறவள் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னாள்.

விடாமல் கேட்டேன். "சரி, குடும்பத்துல எத்தனை பேரு?" பட்டென்று மூணு என்றாள். எப்படித் தெரியும் என்றால், "ரேஷன் கார்டுல போட்டிருக்கே டீச்சர், குடும்ப அட்டைன்னு. அதுல மொதல்ல அத்தா ஃபோட்டோதான்." ஜெரினா அங்கேயே புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மாஸ்க்குக்கு மேலே எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டு நீங்கள் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது சரி. நீங்கள் ஃபோனில்தான் இருக்கிறீர்கள்.

ஆகையால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த பாடம் "நம் வகுப்பறை". என் பிள்ளைகள் நாற்பது பேரும் மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒருவர்கூட மூன்றாம் வகுப்பு அறையில் உட்கார்ந்ததில்லை. நான் சொல்லலாம், ஆனால் நான் அந்த அறையில் எப்போதும் நின்றுகொண்டே இருந்தவள். உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். சனா உங்களிடம் கேட்டு வந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்று வேலை கொடுத்திருக்கிறேன். இன்றைக்கோ நாளைக்கோ உங்களுக்கு வாய்ஸ் வரும். கோபத்தில் ஃபோனை அணைத்து வைத்துவிடாதீர்கள்.

கயல்விழி

*

அஜ்மான்
17 ஆகஸ்ட் 2020

டீச்சருக்கு,

சனாவின் வாய்ஸ் வந்தது. குளிர் அறையில் தயிர் டப்பா எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை போயிற்று, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"அத்தா, நீங்க மூணாவதுல எங்க உக்காந்தீங்க புள்ளி. சன்னல் இருந்துச்சா புள்ளி. டீச்சர் அடிப்பாங்களா புள்ளி. சீக்கிரம் சொல்லுங்க, நான் நாளைக்குச் சொல்லணும் புள்ளி."

நல்லாருக்கேன் இல்லை, சாப்ட்டேன் இல்லை, அம்மாகிட்ட குடுக்கறேன் இல்லை! கலியமூர்த்தியிடம் போட்டுக் காட்டினேன். "என்னா பாய், உன் பொண்ணு போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கற மாதிரி விசாரிக்குது" என்றார்.

நானும் வாய்ஸிலேயே சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன், நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு. நாங்கள் பலகையில் உட்காருவோம், தரையிலிருந்து ஒரு சாண் உயரம். என் இடம் மூன்றாவது வரிசை, இடது பக்கம் சன்னல் ஓரம். சன்னலில் எட்டினால் கம்பெனிப் புகைக்கூண்டு தெரியும். புகை நேராகப் போனால் சாயங்காலம் மழை வராது, படுத்துக்கொண்டு போனால் வரும் என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருந்தோம். அது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. மூலையில் கூரை ஒழுகும், அதற்குக் கீழே ஒரு பீங்கான் ஜாடி. சொட்டு விழ விழ "டொக் டொக்" என்று கேட்கும். கமலம் டீச்சர் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரியே வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் எனக்கு நடுவில் டொக் என்று கேட்கிறது.

உடனே அடுத்த வாய்ஸ். "சன்னல்ல கம்பி எத்தனை அத்தா புள்ளி."

கண்ணை மூடிப் பார்த்தேன் டீச்சர். கம்பியில் நெற்றியை வைத்தால் ஜில்லென்று இருக்குமே, அதுகூட ஞாபகம் இருக்கிறது. எத்தனை என்று மட்டும் வரவில்லை. தெரியலைமா என்றேன். "பரவால்ல அத்தா, நான் ஸ்கூல் தொறந்ததும் எண்ணிட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன் புள்ளி" என்கிறாள்.

நாலு நாளாக இப்படித்தான். டூட்டி முடிந்து அறைக்கு வந்தால் ஏழெட்டு வாய்ஸ் காத்திருக்கிறது. உங்களைத் திட்டி எழுதியதை நீங்கள் அழித்துவிட்டால் நல்லது.

இஃப்திகார்

*

விருத்தாசலம்
24 ஆகஸ்ட் 2020
(மூன்றாம் வகுப்பு வாட்ஸப் குழுவில்)

பெற்றோர்களே,

இந்த வாரம் வரைபடம். நம் வகுப்பறையைப் பிள்ளைகள் யாரும் பார்க்காமலே வரைந்தார்கள். அந்த அறையில் முன்பு படித்த ஒரு பெற்றோர் சொல்ல, சனா ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டு வந்து வாய்ஸில் சொல்ல, மற்றவர்கள் வரைந்தார்கள். அவள் சொன்ன கதைகளைக் கேட்கக் கோகுலகிருஷ்ணன் குளிக்காமல் உட்கார்ந்திருந்தான் என்று அவன் அம்மா புகார் சொன்னார். மதிவாணன் படத்தில் மூலையில் பீங்கான் ஜாடியும், ஜாடிக்குள் ஒரு மீனும் இருக்கிறது.

சனிக்கிழமை சரிபார்க்க நானே போனேன். பூட்டைத் திறந்ததும் வௌவால் வாடை. போர்டில் மார்ச் மாதத் தேதி அப்படியே இருந்தது. அழிக்கலாம் என்று டஸ்டரை எடுத்தேன், மனசு வரவில்லை. கூரை இப்போது கான்கிரீட், ஜாடி இல்லை. பலகைக்குப் பதில் பெஞ்சு. அதெல்லாம் சரி. ஆனால் சன்னல் இருப்பது வலது பக்கம். நாற்பது படத்திலும் இடது பக்கம் இருக்கிறது. அந்தப் பெற்றோர் ஒருவர் செய்த தப்பால் வகுப்பு மொத்தமும் ஃபெயில். அவர் மறுபடி குழுவில் சேர்ந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவதாக இருக்கிறேன்.

கயல்விழி

*

அஜ்மான்
29 ஆகஸ்ட் 2020

டீச்சருக்கு,

சேர்ந்துவிட்டேன், பெஞ்சு மேல் நிற்கிறேன். ஆனாலும் சன்னல் இடது பக்கம்தான். இடது கையில் வெயில் அடிக்கும், எனக்குத் தெரியாதா? நடுவில் சுவரை இடித்துக் கட்டியிருப்பார்கள். நீங்கள் நேற்று வந்தவர்.

சனாவும் உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். "டீச்சர் நேர்ல பாத்திருக்காங்க அத்தா" என்று சொல்கிறாள். வேண்டுமென்றால் வந்து காட்டுகிறேன்மா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே வாய்ஸ் வந்தது. "எப்ப வந்து காட்டுவீங்க?" புள்ளி சொல்லவில்லை. கேள்விக்குப் புள்ளி கிடையாது என்று யார் சொல்லிக் கொடுத்தது, நீங்களா?

மேனேஜரிடம் கையெழுத்துப் போடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் இஃப்திகார், என்ன பிரச்சினை என்றார். ஒரு சன்னல் தகராறு சார் என்றேன். விமானம் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும். கலியமூர்த்தி என் கட்டிலுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டார், அதில்தான் காற்று வருமாம்.

இஃப்திகார்

*

விருத்தாசலம்
20 ஜனவரி 2021

டீச்சருக்கு,

பொங்கலுக்கு முன்னால் வந்து சேர்ந்தேன், குவாரன்டைன் நாளெல்லாம் முடிந்து இப்போது வீட்டில். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். நேரில் வந்தால் சொல்லமாட்டேன்.

சனா என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். கோபமெல்லாம் இல்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவள் சமையல்கட்டுக்குப் போகிறாள், நான் அங்கே போனால் கூடத்துக்கு வருகிறாள். சாப்பிடும்போது ஜெரினாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறாள். ஐந்து மாதமாக ஒரு நாள் விடாமல் வாய்ஸ் அனுப்பிய பிள்ளை! முந்தாநாள் தாயும் மகளும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், காதில் விழுந்தது.

"என்னாடி, அத்தா அத்தான்னு உசுர வுட்ட, இப்ப ஓடி ஒளியற?"

"ஃபோன்ல இருக்கற அத்தா நல்லா பேசுவாங்கம்மா. இவங்க பெருசா இருக்காங்க."

நான் கேட்காத மாதிரி வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். இதற்காகவா வேலையை விட்டு வந்தோம் என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. அப்போது பாக்கெட்டில் ஃபோன் டிங் என்றது. சனா. "அத்தா, ஏன் சாப்புடாம போயிட்டீங்க? கொழம்பு நல்லாருந்துச்சு புள்ளி." வீட்டுக்குள்ளிருந்து அனுப்பியிருக்கிறாள். நானும் படியில் உட்கார்ந்தபடியே வாய்ஸில் பதில் சொன்னேன். அவள் அனுப்ப, நான் அனுப்ப, அரை மணி நேரம் பேசினோம். நடுவில் ஒரு சுவர்தான் டீச்சர்.

ஜெரினா தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் செய்வது சரியா தப்பா? இப்படியே பழகிவிட்டால் என்ன செய்வது?

இஃப்திகார்

*

விருத்தாசலம்
22 ஜனவரி 2021

இஃப்திகார் பாய்க்கு,

போன வாரம் பாலக்கரையில் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தேன். ஆசையாகக் கிட்டே போனேன். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை யாரோ மாதிரி பார்த்தான். "ஏன்டா கோகுலு, டீச்சர்டா" என்று வாயைத் திறந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. குரல்தான் டீச்சர் அவனுக்கு. முகம் மறந்துபோயிருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, "டீச்சர் உங்களப் பாத்தேன்" என்று எனக்கே வாய்ஸ் அனுப்புகிறான்.

எனக்கும் அன்றைக்கு உங்களை மாதிரிதான் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், குரல் வழியாகத்தான் அவர்களிடம் போனோம், அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும் போலிருக்கிறது. வாய்ஸை நிறுத்தாதீர்கள். ஆனால் மாடிப்படியில் போய் உட்காராதீர்கள், பனியில் சளி பிடிக்கும். கூடத்திலேயே உட்கார்ந்து அனுப்புங்கள். அவள் உங்கள் குரலை ஃபோனில் ஒரு தடவையும் நேரில் ஒரு தடவையும் கேட்பாள். எந்த அத்தா நல்லா பேசுறாங்க என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெரினாவிடம் சொல்லுங்கள், என் பிள்ளைகளை அவசரப்படுத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கயல்விழி

*

விருத்தாசலம்
1 நவம்பர் 2021

வேப்பூர் பக்கத்தில் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும் கயல்விழி டீச்சருக்கு,

மாற்றல் வந்ததை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் வழியனுப்பக் குழுவில் நாற்பது பேரும் ரோஜாப்பூ போட்டிருப்போம். திங்கட்கிழமைக் கடிதம் எழுத இப்போது ஆள் இல்லை. இன்றைக்கு ஸ்கூல் திறந்தார்கள், திங்கட்கிழமையும்கூட. ஆகவே நான் எழுதுகிறேன்.

இந்த வாரம் நாங்கள் படித்தது: முதலில் சன்னல் வழக்கு. பிள்ளைகள் நேராக நாலாவதுக்குப் போய்விட்டார்கள். இடைவேளையில் சனா யாருக்கும் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ஸ்கூல் கேட்டிலேயே தீர்ப்புச் சொன்னாள். சன்னல் வலது பக்கம்தானாம், கம்பி ஒன்பதாம். "ஆனா நீங்க சொன்னதும் கரெக்டுதான் அத்தா. நீங்க டீச்சரப் பாத்து உக்காந்திருக்க மாட்டீங்க. பின்னாடி திரும்பிப் பேசிட்டே இருந்திருப்பீங்க." யோசித்துப் பார்த்தேன் டீச்சர். கமலம் டீச்சர் எறிந்த சாக்பீஸ் எல்லாம் என் முதுகில்தான் பட்டிருக்கிறது. வழக்கு முடிந்தது, பெஞ்சை விட்டு இறங்கிக்கொள்கிறேன்.

கோகுலகிருஷ்ணன் பையில் பீஸ் கட்டை ஒன்று கொண்டுவந்திருந்தான், நான் கொடுத்ததுதான். கார்முகில் இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டான். மதிவாணன் நாள் முழுக்க ஆட்டை நினைத்து அழுதானாம்.

வீட்டில் வாய்ஸ் எப்போது நின்றது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி கூடத்தில் உட்கார்ந்துதான் அனுப்பினேன். கொஞ்ச நாளில் அவளும் கூடத்துக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அனுப்பினாள். ஒருநாள் ஃபோனில் சார்ஜ் இல்லை. அவள் திரும்பி உட்கார்ந்தாள். புள்ளி சொல்வதையும் விட்டுவிட்டாள். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

காலையில் நடந்ததைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். கேட்டில் புது டீச்சர் ஒருவர், நெற்றியில் சூடு பார்த்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் பேரும் ஃபோன் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் சனாவின் பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நின்றேன். அவள் முறை வந்தது.

"அத்தா ஃபோன் நம்பர் என்னாம்மா?"

"எங்க அத்தா இப்ப ஃபோன்ல இல்ல டீச்சர். வூட்ல இருக்காங்க."

அந்த டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை கேட்டார். நான் முன்னால் போய் என் நம்பரைச் சொன்னேன்.

இஃப்திகார்
மூணாவது, சன்னல் ஓரம்